அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம்

நான் பார்த்த வரையில் அந்த அம்மாள் ஒரு செடிகூட நட்டதில்லை. மரப்பைத்தியம் என்று கேள்விப்பட்டு அவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஏமாறுகிற இடம் இதுதான். பால்கனியில் ஒரு துளசித் தொட்டி உண்டு. அதுவும் முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் எதிர்வீட்டில் போய் நிற்பார். ஆனால் எங்கள் குடியிருப்பில் அவர் கை படாத மரம் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் நான் திணறிப்போவேன்.

தில்லியில் கிட்வாய் நகருக்குப் பக்கத்தில், மத்திய அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பு அது. அதன் பெயர் வேண்டாம். அவர் பெயரும் வேண்டாம். எழுதினேன் என்று தெரிந்தால், "ஏண்ணே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்பார். பரமக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு அமைச்சகத்தில் தபால் பிரிவில் வேலை. தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் மரத்தக்கா. மற்றவர்களுக்கு, அதையே ஹிந்தியில், 'பேட்வாலி தீதீ'. நான் அங்கே ஒன்பது வருடம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். அதனால் அவருடைய தொல்லை முழுவதும் என் தலையில்தான் விடிந்தது.

அவர் செய்த வேலையைச் சொன்னால் இதுவும் ஒரு வேலையா என்று தோன்றும். தில்லியில் நடைபாதை போடுகிறவர்களுக்கு மண் தெரிந்தால் பிடிக்காது. சிமெண்ட்டைக் குழைத்து, அதன்மேல் செங்கல் நிறத்தில் டைல்ஸைப் பதித்து, மரத்தின் பட்டையைத் தொடும் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆடி மாத மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. மரம் பருக்க இடம் கிடையாது. இந்த அம்மாள் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு உளி, தேய்ந்துபோன ஒரு தோசைத் திருப்பி, இவற்றை வைத்துக்கொண்டு அடிமரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு அந்தச் சிமெண்ட்டைப் பெயர்த்து எடுப்பார். அவ்வளவுதான். அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம். திரும்பும்போது பத்து நிமிடம். ஒரு மரத்துக்கு இரண்டு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும்.

"கடப்பாரை போட்டா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்லம்மா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வேருல பட்டுரும்ணே. உங்க பல்லு டாக்டரு கடப்பாரையா வச்சிருக்காரு?"

சிமெண்ட் போன பிறகு தோசைத் திருப்பியால் மண்ணை மெதுவாகக் கிளறிவிடுவார். மரத்தில் ஆணி இருந்தால் பிடுங்குவார். டியூஷன், வாடகைக்கு வீடு, மூல வியாதிக்கு மருந்து என்று தில்லியில் மரத்தில் அறையாத பலகை கிடையாது. பலகையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஆணியை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். "பாவம், அவுகளும் பொழைக்கணும்ல" என்பார்.

அலுவலக வாசலில் ஒருநாள் ஸ்கேனர் இயந்திரத்தில் அவருடைய சாப்பாட்டுப் பை மாட்டிக்கொண்டது. காவலர் திரையைப் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கச் சொன்னார். சுத்தியல், உளி, தோசைத் திருப்பி, தயிர் சாதம். "மேடம், யே க்யா ஹை?" என்று அவர் முறைக்க, இந்த அம்மாள் தமக்குத் தெரிந்த ஹிந்தியில் மரத்துக்கு மூச்சு முட்டுகிற கதையைச் சொல்ல, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மேலதிகாரி வந்தார், துணைச் செயலாளரின் அறையிலிருந்து போன் வந்தது, கடைசியில் சாமான்கள் மாலை வரைக்கும் காவலர் அறையில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒரு மாதம் தினமும் அந்தக் காவலர்தான் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஒரு மாலை அவரே கூட்டிக்கொண்டு போய் வாசல் அரசமரத்தைக் காட்டினாராம். தங்கள் டியூட்டி அட்டவணைக்காக அவர்களே அடித்த நான்கு ஆணிகள் அதில் இருந்தன. அவற்றைக் காவலரே பிடுங்கினார் என்று சொல்லும்போது அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத் தெரிந்து அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

உருக்கமெல்லாம் அவரிடம் எடுபடாது. ஒரு பத்திரிகையிலிருந்து இளம்பெண் ஒருத்தி பேட்டி எடுக்க வந்தாள். மரங்களோடு பேசுவீர்களா என்று கேட்டாள். "அதுக்குக் காது எங்கம்மா இருக்கு?" என்றார். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு போட்டோவாவது எடுக்கலாம் என்றாள் அந்தப் பெண். "எறும்பு கடிக்கும்." பேட்டி வெளிவரவில்லை.

என் மானத்தை வாங்கிய கதையும் ஒன்று உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் சங்கத்தில் மரம் நடும் விழா நடக்கும். பந்தல், மாலை, சமோசா, பெரிய அதிகாரி ஒருவர். அந்த வருடம் முதல் கன்றை மரத்தக்கா நடட்டும் என்று நான்தான் பெருந்தன்மையாக அறிவித்தேன். அவர் எழுந்து வந்தார். கன்றை வாங்கிக்கொள்ளாமல் அதிகாரியைப் பார்த்து, "சார், போன வருஷம் நட்டது இருபத்தஞ்சு. அதையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோமா?" என்றார். அதிகாரி நல்ல மனுஷர், நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஒரு குழியில் சிகரெட் அட்டை, ஒரு குழியில் உடைந்த கிரிக்கெட் மட்டை, பல குழிகளில் என் கையெழுத்தோடு பெயர்ப்பலகை மட்டும். உயிரோடு இருந்தவை இரண்டு. அடுத்த வருடம் நான் மூன்றே கன்றுகள் நட்டேன். ஒவ்வொன்றுக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று அந்த அம்மாள் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

இனி வேப்பமரத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் பிளாக்குக்கு நேர் முன்னால் நின்ற பெரிய வேம்பு அது. நாலு மாடிக்கு நிழல். அதன் அடியில் இஸ்திரிக்காரர் ஒருவர் மேசை போட்டிருந்தார். உத்தரப் பிரதேசத்துக்காரர். காலை ஏழு மணிக்குக் கரியைப் பற்றவைத்தால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் மேசையை ஒதுக்குவார். அவர் மனைவி வீடு வீடாகத் துணி வாங்கி வருவாள். பங்குனி கடைசியில் மரம் முழுவதும் பூத்துவிடும். தமிழ் வருஷப்பிறப்புப் பச்சடிக்கு அந்த வட்டாரத்துத் தமிழர்கள் அத்தனை பேரும் அங்கேதான் வருவார்கள். இஸ்திரிக்காரரே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கீழே விரித்துப் பூவைச் சேர்த்து வைத்திருப்பார். எதற்கென்று அவருக்குப் புரியாது. "மதராசி லோக்" வருடத்துக்கு ஒருநாள் கசப்பு தின்பார்கள் என்று மட்டும் தெரியும்.

அந்த மரத்தைச் சுற்றியும் சிமெண்ட்தான். அதைப் பெயர்க்க அனுமதி கேட்டு அந்த அம்மாள் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். ஆனாலும் கடிதம்தான். பொருள், பார்வை, தேதி, எல்லாம் இருக்கும். நானும் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன்தானே. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போடுவேன். அந்த இடத்தில்தான் எங்கள் கார்கள் நின்றன. என்னுடைய காரும் நின்றது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. என் மனைவி ஒருநாள், "அந்தப் பொண்ணு கேக்கறது ஒரு முழம். நீங்க எழுதின லெட்டரை அடுக்கினா ரெண்டு முழம் வரும்" என்றாள். அதற்குப் பிறகுதான் அனுமதி கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாள் கதவைத் தட்டினார். கையில் கடிதம் இல்லை. அதிலேயே எனக்குத் துணுக்கென்றது.

"கொஞ்சம் கீழ வாங்கண்ணே."

போனேன். சாலைப் பக்கமாகச் சிமெண்ட்டை எடுத்திருந்தார். மண்ணிலிருந்து ஊசிப்போன வாடை வந்தது. தோசைத் திருப்பியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பை அடிமரத்தில் வைத்து அழுத்தினார். புட்டில் குத்தினது மாதிரி உள்ளே போயிற்று. தட்டை முனை வரைக்கும் போயிற்று.

"கேபிளுக்குப் பள்ளம் தோண்டுனப்ப இந்தப் பக்கத்து வேரை வெட்டிருக்காக. அதுமேல சிமெண்ட்டு. வெட்டுன எடத்துல தண்ணி தேங்கி, காயவும் வழி இல்லாம உள்ளயே அழுகிப்போச்சு. அந்தப் பக்கத்து வேரு மட்டுந்தான் புடிச்சுக்கிட்டு நிக்குது." மேலே பார்த்தார். மரம் முழுக்கப் பூ. "இத எடுத்துரணும்ணே. ஆந்திக்கு முன்னாடி எடுத்துரணும்."

ஆந்தி என்றால் தில்லிக்காரர்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் திடீரென்று வானம் பழுப்பாகி, புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று. ஒவ்வொரு வருடமும் நகரம் முழுக்க மரங்கள் சாயும்.

"எடுக்கறதுன்னா?"

"வெட்டணும்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று நான் நினைத்ததே இல்லை. அவருக்கும் அது சுலபமாக வரவில்லை. சொல்லிவிட்டுத் தோசைத் திருப்பியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார்.

மரத்தை வெட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கே சங்கத்தின் கடிதம் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். அதனால் கூட்டம் போட்டோம். வருஷப்பிறப்பு முடிந்த அடுத்த வாரம். எல்லோர் வீட்டிலும் அந்த மரத்துப் பூவில் பச்சடி செய்து சாப்பிட்டு நாலு நாள்கூட ஆகவில்லை. அவர் எழுந்து விஷயத்தைச் சொன்னதும் ஒரே கூச்சல். வேடிக்கை என்னவென்றால், கத்தியவர்கள் எல்லோரும் அவருடைய ஆட்கள். நாலைந்து வருடமாக மரத்துக்கு மூச்சு, மண்ணுக்குத் தண்ணீர் என்று அவர் சொல்லிச் சொல்லி மனசு மாறியவர்கள். ஒரு கல்லூரிப் பெண் அட்டையில் எழுதிக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தாள். 'இந்த மரத்துக்கும் ஒரு முழம் கொடுங்கள்' என்று. அவருடைய வார்த்தையே அவருக்கு எதிராக.

"பூத்துக் குலுங்குற மரத்தை வெட்டணும்னு எப்படிங்க மனசு வருது?" என்று மூன்றாவது மாடிக்காரர் கேட்டார்.

"பூக்குறது கிளை சார். விழுகுறது வேரு."

"அக்கா, உங்ககிட்ட யாராவது ஏதாவது பேசினாங்களா? பார்க்கிங் பெரிசாக்கறதுக்கா?" என்று கேட்டாள் அந்தக் கல்லூரிப் பெண். நல்ல பெண்தான். ஆனால் கேட்டுவிட்டாள். அந்த அம்மாளின் மகளும் கூட்டத்துக்கு வந்திருந்தாள், மந்திர் மார்க் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறவள். "மம்மி, ப்ளீஸ், பைட் ஜாவோ" என்று தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. அழுகின இடத்தை வந்து தொட்டுப் பாருங்கள் என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். யாரும் போகவில்லை. மரம் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது அறை முழுக்கக் கை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. காரணம் இருந்தது. ஏழு வருடம் முன்னால் அந்த மரத்தடியில் அடிமரம் வரைக்கும் சிமெண்ட் போடுங்கள், கார் சக்கரம் புதைகிறது என்று மராமத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியவன் நான். அதற்குச் சற்று முன் கேபிள்காரர்கள் வந்தபோது மரத்தை ஒட்டியே தோண்டிக்கொள்ளுங்கள், எங்கள் கார்களை நகர்த்த முடியாது என்று சொன்னவனும் நான்தான். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி யார் கொன்றது என்பதாக இருக்கும். அதனால் 'நிபுணர் கருத்து பெறப்படும் வரை நிலுவை' என்று எழுதிக் கூட்டத்தை முடித்தேன். நிலுவை என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் புதைத்துவிடலாம் என்பது எங்கள் உத்தியோகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த அம்மாள் இஸ்திரிக்காரரிடம் போனார். மேசையை வாசல் பக்கத்து நாவல் மரத்தடிக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். அது அவர் போன வருடம் சிமெண்ட் எடுத்த மரம், திடமான மரம். இஸ்திரிக்காரர் மாட்டேன் என்றார். இருபத்திரண்டு வருடமாக அவர் விலாசமே அந்த வேப்பமரம்தான். அந்த இடத்தை விட்டு எழுந்தால் நாளைக்கே வேறு ஒருவன் வந்து மேசையைப் போடுவான். நாவல் மரத்தடியில் உட்கார்ந்தால் யாரைக் கேட்டு உட்கார்ந்தாய் என்று விரட்டுவார்கள்.

"தீதீ, நீங்கதானே இந்த மரத்தைக் காப்பாத்த வந்தீங்க? இப்ப என்னையும் அதையும் சேத்து எடுக்கறீங்களே" என்று ஹிந்தியில் கேட்டாராம். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாக.

அந்த அம்மாள் மறுபடி என்னிடம்தான் வந்தார். "அந்த நாவமரத்தடி அவருக்குன்னு சங்கத்துலருந்து ஒரு லெட்டர் குடுங்கண்ணே. அது போதும், நகந்துருவாரு."

"மரம் ஆபத்துன்னு சங்கம் இன்னும் முடிவு பண்ணலையேம்மா. எந்த அடிப்படையில லெட்டர் குடுக்கறது?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். நான் சொன்ன அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்திலிருந்தே புழுக்கம். இஸ்திரிக்காரருக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, திங்கட்கிழமைச் சட்டைகளெல்லாம் அன்றைக்குத்தான் வரும். நாலரை மணி இருக்கும். சங்க அறையிலிருந்து அந்த அம்மாள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போடுவதை என் பால்கனியிலிருந்து பார்த்தேன். பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்திருந்தார், அதைப் பிறகு சரிபார்த்தேன். பத்து நாற்காலிகள். வட்டமாகப் போட்டார். ஒரு பிளாஸ்க் நிறைய டீ, காகிதக் குவளைகள். அப்புறம் வீடு வீடாக ஏறினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"மரம் பத்திரமா இருக்குன்னு சொன்னீகள்ல. வாங்கண்ணே, கீழ காத்தாட உக்காருவோம். டீ போட்டு வச்சிருக்கேன்."

குரலில் குத்தல் இல்லை. விருந்துக்கு அழைக்கிற மாதிரியே அழைத்தார்.

மூன்றாவது மாடிக்காரருக்கு முட்டிவலி. ஒருவர் வீட்டில் விருந்தாளி. கல்லூரிப் பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. இதோ வருகிறேன் என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனேன். அங்கே பார்த்தால் எல்லாப் பால்கனியிலும் ஆட்கள் நின்றார்கள். முட்டிவலிக்காரரும் நின்றார். அந்த அம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தமக்கு ஒரு குவளை டீயை ஊற்றிக்கொண்டார். ஒன்பது நாற்காலிகள் காலி.

இஸ்திரிக்காரர் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே அந்த நாற்காலிகளைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து எங்கள் பால்கனிகளைப் பார்த்தார். ஒவ்வொரு மாடியாகப் பார்த்தார். அத்தனை படித்தவர்கள், அத்தனை அரசாங்க உத்தியோகஸ்தர்கள், மரம் நன்றாக இருக்கிறது என்று கை தூக்கியவர்கள். ஒருவர்கூட இறங்கி வந்து ஐந்து நிமிடம் அதன் அடியில் உட்காரத் தயாராக இல்லை. அவர் பெட்டியை இறக்கி வைத்தார். கரியில் தண்ணீரை ஊற்றினார். புஸ்ஸென்று புகை கிளம்பியது. துணி மூட்டைகளை அவர் மனைவி தூக்க, மேசையின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை அந்த அம்மாளும் பிடித்துக்கொண்டு நாவல் மரத்தடிக்குப் போனார்கள்.

அப்புறம் அந்த அம்மாள் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

தெற்கே வானம் நிறம் மாற ஆரம்பித்திருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கீழே ஓடினேன்.

"எந்திரிச்சு வாங்கம்மா. அதான் அவர் போயிட்டாரே, காத்து வருது."

"நாளைக்கு யாராச்சும் விரட்டிவிட்டா மறுபடி இங்கதானண்ணே வந்து நிப்பாரு? அவரு கையில ஒரு காயிதம் வேணும்." பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "மரந்தான் பத்திரமா இருக்கே. நீங்களும் உக்காருங்க."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார வேண்டும் என்றுதான் நினைத்தேன். என்னால் முடியவில்லை. மேலே ஒரு சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது, தோளைக் குறுக்கிக்கொண்டேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கூட்டத்தன்றும் சரி, அதற்கு முன்னும் சரி, அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் நம்பித்தான் இருந்தேன் என்று.

"எழுதித் தரேன். ரெண்டு லெட்டரும் தரேன். இப்பவே தரேன். வாங்கம்மா, உங்க கால்ல விழறேன்."

எழுந்தார். பத்து நாற்காலிகளையும் எடுத்து உள்ளே வைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் வீட்டுக்கு வந்தார். நான் டைப் அடித்து முடிக்கும் வரை என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே புழுதிக்காற்று ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போயிற்று. மரம் அன்றைக்கு விழவில்லை.

ஒன்பது நாளில் அனுமதி வந்தது. வந்து பார்த்த அதிகாரி அடிமரத்தைத் தட்டிய உடனேயே சாலையைக் கயிறு கட்டி அடைக்கச் சொல்லிவிட்டார். மேலிருந்து கிளை கிளையாக இறக்கினார்கள். அந்த அம்மாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். பொந்துகளில் கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளைக்கும் முன்னால் பார்க்கச் சொன்னார். கடைசியில் அடிமரத்தை அறுத்தபோது உள்ளே பொந்து. ஒரு ஆள் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு ஈரமான கறுப்புத் தூளை அள்ளி வெளியே போட்டார். கல்லூரிப் பெண் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாரி அக்கா, சாரி அக்கா" என்றாள். "நீ மரத்துக்காகத்தானம்மா பேசுன, அழாத" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, எல்லோரும் நகர்ந்த பின், கட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமில்லை. மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லாமல் போனால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"இங்க சிமெண்ட் போடச் சொன்னது நான்தாம்மா. கேபிள்காரங்கள மரத்தை ஒட்டித் தோண்டச் சொன்னதும் நான்தான்."

"தெரியும்ணே."

"எப்படித் தெரியும்?"

பையைத் திறந்து ஃபைலை எடுத்தார். மரத்துக்கு ஒரு ஃபைல் வைத்திருப்பவர் அவர், நாடா கட்டி, பக்கத்துக்கு எண் போட்டு. முதல் பக்கமே மராமத்து அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதம்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய நகல். அடியில் என் கையெழுத்து, என் முத்திரை. நகல் வந்த தேதியைப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஒன்றரை வருடம் முன்னால்.

அன்றைக்கு அத்தனை பேர் சேர்ந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கியபோது, பார்க்கிங்குக்காகப் பேசுகிறாயா என்று முகத்துக்கு நேரே கேட்டபோது, மகள் சேலையைப் பிடித்து இழுத்தபோது, இந்த ஒரு தாள் அவர் மடியில் இருந்திருக்கிறது. நான் மேடையில் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா மீட்டிங்குல இதக் காட்டல?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு, இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"காட்டிருந்தா எல்லாரும் உங்கள வைஞ்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாகண்ணே. மரம் அப்படியே நின்னுருக்கும். அதுக்குக் கீழ அவரும் நின்னுருப்பாரு."